பால் சீட்டில் இருந்த மணி

ஏழு வருஷம் ஒரு விபத்து சிகிச்சைப் பிரிவில் ரிசர்ச் நர்ஸாக இருந்தேன். கோயம்புத்தூர் பக்கம், ஹைவேயை ஒட்டிய ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். ஊசி போடுவது, டிரிப் ஏற்றுவதெல்லாம் டியூட்டி நர்ஸுகள் வேலை. என் கையில் ஒரு ஃபைல், நாலு படிவம், ஒரு பேனா. வந்திருக்கிற சொந்தக்காரர்களுக்கு அந்த வித்தியாசம் கிடையாது, எல்லோரும் சிஸ்டர்தான்.

படிவத்தில் என்னை அதிகம் படுத்திய கட்டம் ஒன்று உண்டு. 'காயம் பட்ட நேரம்'. மணி, நிமிஷம், இரண்டு சின்னப் பெட்டி.

அந்தப் பெட்டிக்கு அத்தனை மதிப்பு ஏன் என்றால், அதற்குப் பின்னால் கிராஷ்-2 என்ற பெரிய மருந்து ஆய்வு இருக்கிறது. 40 நாடுகள், 274 ஆஸ்பத்திரிகள், 20,211 பேர். ரத்தம் போய்க்கொண்டிருக்கிற விபத்து நோயாளிகளில் பாதிப் பேருக்கு ரத்தப்போக்கைக் குறைக்கிற டிரானெக்சாமிக் அமிலம், மீதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கும் வெறும் சலைன். 1962-இல் ஜப்பானில் உடாகோ ஒகமோட்டோவும் கணவர் ஷோசுகேயும் கண்டுபிடித்த மருந்து அது. மாதவிலக்கில் அதிகமாகப் போகிறது என்று டாக்டரிடம் போனால் எழுதித் தருவாரே, அதே மாத்திரையின் ஊசி வடிவம். 2010-இல் முடிவு வந்தது: மருந்து கிடைத்தவர்களில் 14.5 சதவீதம் பேர் இறந்தார்கள், கிடைக்காதவர்களில் 16. விலை மலிவான மருந்துக்கு அது பெரிய விஷயம்.

ஆனால் அடுத்த வருஷம் அதே கணக்கை நேரவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்தால், ரத்தப்போக்கால் இறப்பவர்கள் 7.7-லிருந்து 5.3 சதவீதமாகக் குறைந்தார்கள். மூன்று மணி நேரம் தாண்டிக் கொடுத்தபோது 3.1-லிருந்து 4.4 ஆகக் கூடினார்கள். அதே ஊசி, அதே அளவு. நான் வேலை பார்த்த ஆய்வும் ரத்தப்போக்கு பற்றியதுதான். அதிலும் மூன்று மணி நேரம்தான் எல்லை, தாண்டியவர்களைச் சேர்க்கக் கூடாது.

சரி, காயம் எத்தனை மணிக்கு? கேட்டுப் பாருங்கள், தெரியும். வீட்டுக்காரருக்கு அடிபட்ட செய்தி வந்த நேரத்தில் யார் கடிகாரம் பார்க்கிறார்கள்? 'சாயங்காலமுங்க' என்பார்கள். 'இப்பத்தானுங்க' என்பார்கள், அந்த இப்ப நாலு மணி நேரத்துக்கு முன்னால் இருக்கும். நாள்பட நானே ஒரு வழி பழகிக்கொண்டேன். மணியைக் கேட்பதில்லை. மில் ஷிப்ட் விட்டாச்சா, டவுன் பஸ் போயிருந்ததா, டிவியில் என்ன ஓடிக்கொண்டிருந்தது, இப்படித்தான்.

அந்த விவசாயி வந்தது இரவு 8.50-க்கு. டிவிஎஸ் வண்டி, தொடை எலும்பு முறிவு, வயிற்றிலும் அடி. பிரஷர் 80, நாடி 130. கேட்டதற்கு முனகல்தான் வந்தது. கூட மனைவி, கையில் வேறோர் ஆஸ்பத்திரியிலிருந்து எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு. அதில் 6.40 என்று இருந்தது. அப்பாடா என்று அதையே பெட்டியில் எழுதிவிட்டேன்.

அப்புறம் சம்மதம். எங்களிடம் இருந்த தமிழ்ப் பிரதியில் 'சீரற்ற முறையில் ஒதுக்கீடு' என்று இருக்கும். சீரற்ற சிகிச்சைக்கு யார் கையெழுத்துப் போடுவார்? 'பூவா தலையா போட்ட மாதிரிங்க, எந்த மருந்துன்னு எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது' என்று சொல்வேன். அந்த அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார். 'ஏனுங் சிஸ்டர், மருந்து நல்லதுன்னா எல்லாருக்கும் போடலாமில்லீங்க?'

சரியான கேள்வி. தலையில் அடிபட்டால் ஸ்டீராய்டு கொடுப்பது என்று டாக்டர்கள் பல வருஷமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 10,008 பேரை வைத்துப் பார்த்தபோது இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் ஸ்டீராய்டு வாங்கியவர்களில் 21.1 சதவீதம், வாங்காதவர்களில் 17.9. நல்லது என்று நினைத்துக் கொடுத்ததுதான். இதையெல்லாம் ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் நின்று சொல்ல முடியுமா? 'நல்லதான்னு பார்க்கத்தானுங்க இது' என்று மட்டும் சொன்னேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒருவர் சாட்சி நிற்க, கைநாட்டு வைத்தார். 9.20-க்கு குலுக்கலில் வந்த எண்ணுள்ள மருந்துப் பெட்டியைப் பிரித்து ஏற்றினார்கள்.

மூன்றாம் நாள் அந்த அம்மா என்னைத் தேடி வந்தார். ரத்தக் கறை படிந்த சட்டையைக் கவரில் போட்டுக் கொடுத்திருந்தோம் அல்லவா, அதன் பாக்கெட்டில் ஒரு சீட்டு. 'இது வேணுமுங்களா, தூக்கிப் போட்டறட்டுங்களா?' பால் சொசைட்டியில் மெஷின் அச்சடித்துக் கொடுக்கும் ரசீது. லிட்டர், கொழுப்பு, ரூபாய், மேலே நேரம்: 16.52.

சொசைட்டியிலிருந்து வீடு பத்து நிமிஷம். திரும்பி வரும்போதுதான் எதுவோ இடித்துவிட்டுப் போயிருக்கிறது. பள்ளத்தில் கிடந்திருக்கிறார், யாரும் பார்க்கவில்லை. 6.40 என்பது அந்த முதல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த நேரம். நான் அதைக் கேட்டே இருக்க வேண்டும், கேட்கவில்லை. ஐந்து மணிக்கு அடிபட்டவருக்கு 9.20-க்கு ஏற்றியிருக்கிறோம். நாலு மணி இருபது நிமிஷம்.

தலைமை ஆய்வாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். 'நடந்ததை நடந்தபடி எழுதும்மா' என்றார். விதிமீறல் படிவம் எழுதினேன், நெறிமுறைக் குழுவுக்குப் போனது. அந்த விவசாயியை ஆய்விலிருந்து எடுத்துவிடலாமா என்று கேட்டேன். கூடாதாம். குலுக்கலில் எந்தப் பக்கம் விழுந்தாரோ அந்தப் பக்கக் கணக்கில்தான் கடைசிவரை இருக்க வேண்டும். தப்பாகச் சேர்த்தவர்களை நமக்குப் பிடித்தபடி நீக்க ஆரம்பித்தால் குலுக்கியதற்கே அர்த்தமில்லை. புத்தியில் ஏறியது. அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. அந்தக் குப்பியில் இருந்தது மருந்தா சலைனா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. சலைனாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே நோயாளி அவர்தான்.

பத்தொன்பதாம் நாள் வாக்கரோடு வீட்டுக்குப் போனார். இருபத்தெட்டாம் நாள் ஃபோன் பண்ணி நிலவரம் எழுத வேண்டும். அவரே எடுத்தார்.

'சிஸ்டருங்களா? அந்தப் பால் சீட்டு உங்ககிட்டயா இருக்குதுங்க? அன்னிக்குப் பணம் இன்னும் ஏறலைங்க.'

ஒரிஜினலை அன்றே அவர் மனைவியிடம் கொடுத்துவிட்டோம், எங்களிடம் செராக்ஸ்தான் இருக்கிறது என்றேன். பின்னால் அந்த அம்மா என்னவோ சத்தமாகச் சொல்வது கேட்டது. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, 'செராக்ஸ் செல்லுமுங்களா?' என்றார்.