ஆமைக் கரையில் ஒரு பருவம்: பயிற்சிக்குச் சேர்கிறவர்களுக்காக

வனவிலங்குப் பாதுகாப்பு அமைப்பில் பயிற்சிக்குச் சேர விரும்புகிறவர்கள் என்னிடம் பெரும்பாலும் விண்ணப்பத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். விண்ணப்பம் இரண்டு பக்கம், எழுதிவிடலாம். சேர்ந்த பிறகு நம்மை யாரிடம் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்துகிறார்கள் என்பதைத்தான் விசாரிக்க வேண்டும். 2025 தொடக்கத்தில், சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமைகளுக்காக (ஆலிவ் ரிட்லி கடலாமைகள்) வேலை செய்யும் சிறிய தொண்டு அமைப்பு ஒன்றில் நான் சேர்ந்தேன். அதை வைத்துச் சொல்கிறேன்.

நேர்காணலில் மதிப்பெண் பற்றிப் பேச்சே எழவில்லை. இரவு முழுக்க மணலில் நடக்க முடியுமா, அழுகிய உடலைத் தொட்டு அளக்க முடியுமா, வீட்டில் சம்மதமா என்றுதான் கேட்டார்கள். கடைசிக் கேள்விக்கு ஒருங்கிணைப்பாளர் அக்கா என் அம்மாவிடமே தொலைபேசியில் பேசினார். யாரும் தனியாக நடப்பதில்லை, குழுவில் யார் யார் இருப்பார்கள், விடியற்காலையில் விடுதிவரை கொண்டுவந்து விடுவது யார் என்று எல்லாவற்றையும் விளக்கினார். பெண்கள் இதைத் தயங்காமல் கேட்டுக்கொள்ள வேண்டும். தெளிவாகப் பதில் சொல்லாத இடத்துக்குப் போக வேண்டாம்.

பிறகு அனுமதி. பங்குனி ஆமை, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், மிக உயர்ந்த பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் இருக்கிறது. வனத்துறையின் அனுமதிக் கடிதத்தில் பெயர் ஏறும்வரை ஒரு முட்டையைக்கூடத் தொடக் கூடாது. அந்த நாட்களில் பழைய பதிவேடுகளைப் படிக்கவைத்தார்கள்.

அறிமுகக் கூட்டம் அலுவலகத்தில் நடக்கவில்லை. மாலையில் மீனவர் குப்பத்துக்கு அழைத்துப்போய், வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் நடுவே எங்களை உட்காரவைத்தார்கள். பஞ்சாயத்தார் ஒவ்வொருவரின் ஊரையும் படிப்பையும் விசாரித்தார்கள். "ராத்திரியில் யார் நடக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரிய வேண்டாமா, பாப்பா?" என்றார் ஒரு பெரியவர். சிறுவயதில் ஆமை முட்டை பொறுக்கித் தின்றதை அவரே மறைக்காமல் சொன்னார். சென்னையில் ஆமை முட்டைகளைத் தேடி இரவில் கரையில் நடப்பது 1970களிலேயே தொடங்கியது. 1988இலிருந்து ஒரு மாணவர் குழுவும் இடைவிடாமல் நடந்துவருகிறது. அந்த மாணவர்களுக்கு முட்டைக்குழியைக் கண்டுபிடிக்கும் வித்தையைக் காட்டியவர்களில் தானும் ஒருவர் என்றார் அந்தப் பெரியவர். விலங்கியலில் முதுகலை முடித்திருந்த எனக்குக் கரையில் கிடைத்த முதல் ஆசிரியர் அவர்தான்.

அந்த ஜனவரி மோசமானது. சென்னையை ஒட்டிய கரைகளில் ஆயிரத்துக்கும் அதிகமான ஆமைகள் இறந்து ஒதுங்கின. உயிருள்ள ஆமையைப் பார்ப்பதற்கு முன்பே இறந்தவற்றை அளக்கக் கற்றுக்கொண்டோம். ஓட்டின் நீளத்தை நாடாவால் அளக்க வேண்டும். வால் ஓட்டைத் தாண்டி நீண்டிருந்தால் ஆண். துடுப்பில் அடையாளத் தகடு இருக்கிறதா, உடல் எவ்வளவு அழுகியிருக்கிறது என்று குறித்த பிறகு ஓட்டில் பெயின்ட் அடையாளம் இட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த குழு அதையே மறுபடி எண்ணிவிடும். ஆமைக்கு மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். இழுவலையில் சிக்கினால் அது முடியாது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் இழுவலை போடக் கூடாது என்று மாநிலச் சட்டம் இருக்கிறது. அதை மீறி வரும் படகுகளால் குப்பத்துச் சிறிய ஃபைபர் படகுக்காரர்களின் வலைகளும் அறுபடுகின்றன. குப்பத்தில் உட்காரவைக்காமல் எங்களை நேராகக் கரையில் இறக்கியிருந்தால், மீனவர் என்றாலே ஆமையைக் கொல்பவர் என்ற எண்ணத்தோடு நான் ஊர் திரும்பியிருப்பேன். எத்தனையோ பேர் அப்படித்தான் பேசுகிறார்கள். அது அநியாயம்.

முட்டைக்குழி தேடுவதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. கடலிலிருந்து ஏறிய தடம், திரும்பி இறங்கிய தடம் என இரண்டு இருக்கும். துடுப்பு மணலைப் பின்னால் தள்ளியிருக்கும் விதத்தைப் பார்த்தால் எது எதுவென்று விளங்கும். இரண்டுக்கும் நடுவே மணல் கலைந்த இடத்தில் மழுங்கிய கோலை மெல்ல ஊன்றிப் பார்ப்பார்கள். குழிக்கு மேலுள்ள மணல் இளகிக் கொடுக்கும். சில சமயம் நாயோ வெளிச்சமோ மிரட்டி ஆமை முட்டையிடாமலே திரும்பியிருக்கும். அதையும் பதிவு செய்ய வேண்டும். கோலை அழுத்தினால் முட்டை உடைந்துவிடும் என்பதால், பருவம் பாதி கடக்கும்வரை புதியவர்கள் கையில் அதைக் கொடுப்பதில்லை. அது சரியான முறை என்றே நினைக்கிறேன்.

குழியில் ஏறத்தாழ நூறு முட்டைகள் இருக்கும். இட்ட சில மணி நேரத்துக்குள் அவற்றை, முட்டைகளைப் பாதுகாத்துப் பொரிக்கவைக்கும் இடமான பொரிப்பகத்துக்கு மாற்றிவிட வேண்டும். நேரம் கடந்து புரட்டினால் உள்ளே ஒட்டத் தொடங்கிய கரு அழிந்துவிடும். துணிப்பையில் அதே குழியின் மணலையும் போட்டு, குலுங்காமல் தூக்கி நடப்போம். பழைய குழியின் ஆழமும் வாய் அகலமும் எவ்வளவோ, அதே அளவில் புதுக்குழி தோண்டுவோம்.

பகல் வேலை பலருக்கும் அலுப்பாக இருந்தது, எனக்குப் பிடித்திருந்தது. குழிகளின் வெப்பத்தை எழுதிவைப்பேன். மணல் சூடாக இருந்தால் பெண் குஞ்சுகள் அதிகம், குளிர்ந்திருந்தால் ஆண் குஞ்சுகள் அதிகம். வெயில் ஏறும்போது பொரிப்பகத்துக்கு மேல் நிழல்வலை கட்டுவது இதற்காகவும்தான்.

45 முதல் 60 நாளில் குஞ்சுகள் வெளிவரும். அவற்றைக் கடலில் விடும் மாலைகளில் பயிற்சி மாணவர்களின் வேலை கூட்டத்தைச் சமாளிப்பது. குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கிப் போகும் என்பதால் கைபேசிகளை அணைக்கச் சொல்ல வேண்டும். கையில் வைத்துப் பார்க்க ஆசைப்படும் குழந்தைகளிடம் ஏன் கூடாது என்று பொறுமையாக விளக்க வேண்டும். இந்த வேலைக்குக் குப்பத்துச் சிறுவர்கள் எங்களைவிடக் கெட்டிக்காரர்கள். கூட்டத்தைக் கயிற்றுக்குப் பின்னால் நிறுத்தியது அவர்கள்தான்.

அடுத்த பருவத்துக்கு விண்ணப்பிக்கிறவர்கள் மழைக்காலத்திலேயே எழுதிப்போடுங்கள். அனுமதி கிடைக்க நாளாகும். சிவப்பு விளக்கு, தண்ணீர், கழற்ற எளிதான செருப்பு போதும். நேர்காணலில் நீங்களும் ஒரு கேள்வி கேளுங்கள்: "எங்களை எந்தக் குப்பத்துக்கு, எப்போது அழைத்துப்போவீர்கள்?"