ஏத்தங்காய்த் தோல் கிரீமுக்கு லைசென்ஸ் வாங்கிய அனுபவம்

வாழைத்தோலோ தவிடோ, வீணாகப் போகிற ஒன்றிலிருந்து சருமத்துக்கு கிரீம் செய்து விற்க நினைக்கிறவர்கள், மெஷின் வாங்குவதற்கு முன்னால் லேபிளில் என்ன எழுதப் போகிறோம் என்று முடிவு செய்துவிடுங்கள். இதை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் எங்களுக்கு ஒரு சென்னைப் பயணமும் கன்சல்டன்ட் வாங்கிக்கொண்ட பணமும் மிச்சமாகியிருக்கும். லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது. ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை.

மார்த்தாண்டம் பக்கம் சிப்ஸ் போடும் இடங்களில் ஏத்தங்காய்த் தோல் (நேந்திரங்காயைத்தான் இங்கே ஏத்தங்காய் என்போம்) சாக்கு சாக்காகச் சேரும். கொஞ்சம் தோரன் என்கிற தேங்காய்ப் பொரியலுக்குப் போகும், கொஞ்சம் மாட்டுக்குப் போகும், மீதி கிடந்து நாறும். கேட்டதும் கடைக்காரர், "எல்லாத்தையும் எடுத்துட்டுப் போ மக்களே, மாட்டுக்காரன்கூட இப்ப வரமாட்டேங்கான்" என்றார். அந்தத் தோலில் கேலோகேட்டச்சின், ஃபெரூலிக் அமிலம் போன்ற பாலிஃபீனால்கள், அதாவது செடிகளில் இயற்கையாக இருக்கும் ஒருவகை வேதிப்பொருள்கள், இருக்கின்றன. சருமம் சிவந்து எரிவதற்குக் காரணமான சில மாற்றங்களை இவை தணிப்பதாகச் சோதனைக்கூட ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் செல்களிலும் எலிகளிலும் பார்த்ததுதான் அதிகம், மனிதர்களிடம் பார்த்தது குறைவு. இந்த வித்தியாசம்தான் எங்களை அலைக்கழித்தது.

கன்சல்டன்ட் சொன்னது: "சித்தா லைசென்ஸ் எடுத்துடலாம். அரிப்பு, வீக்கம் குணமாகும்னு தைரியமா போடலாம்." பாதிப் பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார். ராத்திரி முழுக்க ரயிலில் போய் சென்னையில் இறங்கி லைசென்ஸ் ஆபீஸில் ஃபைலை நீட்டினால், முதல் கேள்வியே, "இந்தத் தோல் சாற்றுக்கு எந்த நூலில் ஆதாரம் இருக்கிறது?" 1940ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின்படி, சித்த மருந்தில் சேரும் சரக்குகள் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள நூல்களில் சொல்லப்பட்டிருக்க வேண்டும். அவர் கட்டிக் கொடுத்த ஃபைலில் அப்படி ஒரு பக்கம்கூட இல்லை. அங்கிருந்தே போன் செய்தோம், எடுக்கவில்லை. இன்று வரை எடுக்கவில்லை.

ஊருக்கு வந்தபிறகு, மருந்து கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தெரிந்தவர் ஒருவர் பத்து நிமிடத்தில் விளக்கினார். சுத்தப்படுத்த, அழகுபடுத்த, தோற்றத்தை மாற்ற என்றால் அது அழகுசாதனம். வீக்கத்தைக் குணப்படுத்தும் என்று எழுதினால் அதே கிரீம் மருந்தாகிவிடும், வழியே வேறு. அமெரிக்காவில் ஓட்ஸ் மாவை சருமப் பாதுகாப்புப் பொருளாக 2003இல் அந்நாட்டு உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஏற்றுக்கொண்டது. அந்த மாதிரி அங்கீகாரம் ஏத்தங்காய்த் தோலுக்கு நம்மிடம் இல்லை. எரிச்சலோடு வருகிற ஒருவரிடம் நிரூபிக்காத ஒன்றைச் சொல்லி விற்கக் கூடாது என்பது சரியான விதிதான். "சருமத்தை ஈரப்பதத்தோடு மென்மையாக வைக்கும்" என்று லேபிளை மாற்றி எழுதினோம். 2020 அழகுசாதன விதிகளின்படி விண்ணப்பப் படிவம் காஸ்-5, கிடைக்கும் லைசென்ஸ் காஸ்-8. ஆன்லைனில் போடுவது கஷ்டமில்லை. பார்மசி டிப்ளமோ முடித்த தங்கை இருந்ததால், தயாரிப்பைப் பார்த்துக்கொள்ளத் தகுதியுள்ள தொழில்நுட்ப ஆள் வேண்டும் என்ற பிரச்சினையும் வரவில்லை.

இடத்துக்கான தாள்தான் உயிரை எடுத்தது. கிரீம் தயாரிக்க 25 சதுர மீட்டர் பரிந்துரைக்கிறார்கள், எங்கள் பழைய வீட்டில் அது தாராளமாக இருந்தது. ஆனால் வீட்டு வரி ரசீது இறந்துபோன தாத்தா பேரில். பெயர் மாற்றக் கேட்ட இடத்தில் கிளார்க் வாரிசுச் சான்று கேட்டார். கொண்டுபோனால் பங்காளிகள் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். சித்தப்பா குவைத்தில் இருக்கிறார் என்றதும், "அப்ப அவர் வந்தபிறகு வாங்க" என்று ஃபைலைத் தள்ளிவிட்டார். ரெண்டையும் ஒரே தடவையில் சொன்னால் என்ன குறைந்துவிடும்? கடைசியில் அத்தை வீட்டுக் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்து, ஒப்பந்தத்தைப் பதிவு செய்தோம். ரசீது அத்தை பேரிலேயே இருந்தது. அதன்பிறகு மடமடவென்று நடந்தது.

தோலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சீவிப் போட்ட கொஞ்ச நேரத்தில் கறுத்துவிடும், சாறும் சாக்கடைத் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். தோலில் இருக்கும் ஒரு நொதி பாலிஃபீனால்களைக் காற்றோடு சேர்த்து மாற்றிவிடுவதுதான் காரணம். சீவிய கையோடு கொதிநீரில் முக்கி எடுத்தால் நொதி செயலிழந்துவிடும், நிறம் நிற்கும். வெயிலை நம்பாதீர்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு என்று ரெண்டு பருவமழையும் உண்டு, காயாத தோலில் பூஞ்சை பிடித்தால் மொத்தமும் குப்பைதான். கொப்பரை உலர்த்தும் புகை அடுப்பும் வேண்டாம். மின்சார டிரையர்தான் சரி.

டெஸ்டுக்குக் கொடுக்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று எழுத்தில் கொடுங்கள். நாங்கள் கேட்டிருந்தும் லேப் பாதரசத்தை விட்டுவிட்டு ரிப்போர்ட் அனுப்பியது, சண்டை போட்டுத்தான் திரும்பச் செய்ய வைத்தோம். ஸ்கின் கிரீமுக்கு இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 6608 தரம்: கன உலோகங்கள் ஈயக் கணக்கில் 20 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 20 பங்கு) மேலும், ஆர்சனிக் 2 பிபிஎம்முக்கு மேலும் போகக் கூடாது. எங்களுடையது ரெண்டிலும் பாஸ். இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தவர் சாறு இருந்த பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "கறுக்கவே இல்லையே" என்றார். தங்கை முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ரப்பர் பால் அலர்ஜி உள்ளவர்களில் சிலருக்கு வாழையும் ஒத்துக்கொள்ளாது, ரெண்டிலும் ஒரே மாதிரிப் புரதங்கள் இருப்பதால். குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் நிறைய. அதனால் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவிப் பார்த்துவிட்டு உபயோகிக்கும்படி லேபிளிலேயே போட்டிருக்கிறோம், அதிகாரிகள் கேட்காவிட்டாலும் நீங்களும் போடுங்கள்.

லைசென்ஸை ஒவ்வொரு தடவையும் புதுப்பிக்க வேண்டியதில்லை. ஆனால் அது தொடர்ந்து செல்ல, 5 ஆண்டு முடிவதற்குள் தக்கவைப்புக் கட்டணம் கட்ட வேண்டும். அந்தத் தேதியை இப்போதே குறித்து வையுங்கள்.