அந்தமானுக்கு ஒரு கேமரா

ஜனவரி 5, 2025, ஞாயிறு

மார்ச்சில் அந்தமான் போகிறோம். நீல் தீவில் ஸ்நார்கலிங் (மூச்சுக்குழாயோடு மேலாக மிதந்து கடலுக்குள் பார்ப்பது) உண்டு என்று முடிவாகிவிட்டது. போனை பிளாஸ்டிக் பையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டால் போதாதா என்கிறாள் தங்கை. தண்ணீர் புகாது என்று சோதித்ததற்கான ஐபி68 குறி போனில் இருக்கிறதே என்பது அவள் வாதம். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது. உப்புத்தண்ணீருக்கு அதில் உத்தரவாதம் இல்லை. பைக்குள் போட்டாலும் தொடுதிரை தண்ணீருக்குள் விரலை மதிப்பதில்லை. கையில் அழுத்த ஒரு பட்டன் வேண்டும்.

ஜனவரி 8, புதன்

தண்ணீர் புகாத கேமரா எதைப் பார்த்தாலும், எத்தனை மீட்டர் ஆழம் தாங்கும் என்பதைத்தான் முதலில் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். பானசோனிக் எஃப்டி7 31 மீட்டர், நிக்கான் டபிள்யூ300 30 மீட்டர். இரண்டும் பழைய மாடல்கள். ரிக்கோ டபிள்யூஜி-6 20 மீட்டர், ஓஎம் சிஸ்டம் டிஜி-7 15 மீட்டர், கோப்ரோ ஹீரோ13 தனிப்பெட்டி இல்லாமல் 10 மீட்டர்.

நாங்கள் மிதக்கப்போவது மேலாக, இரண்டு ஆள் ஆழம்கூட இருக்காது. ஆசைப்பட்டு ஸ்கூபா போனாலும் முதல்முறை ஆட்களை 12 மீட்டருக்குக் கீழே கூட்டிப்போவது வழக்கமில்லை. அப்புறம் எனக்கு எதற்கு 31?

ஜனவரி 12, ஞாயிறு

அக்கா மகன் கோப்ரோ மாதிரி ஆக்‌ஷன் கேமராதான் என்று அடம். வீடியோவுக்கு அவன் சொல்வது சரி. அகலமாக எடுக்கும், ஆட்டம் தெரியாது. எனக்கு வேண்டியதோ நண்டு, பவளம், பாறை இடுக்கில் பதுங்கும் குட்டி மீன். தனியாக லென்ஸ் வாங்கி மாட்டாவிட்டால் ஆக்‌ஷன் கேமரா மிக அருகில் இருப்பதைத் தெளிவாக எடுக்காது. டிஜி-7 1 சென்டிமீட்டர் வரை நெருங்கி ஃபோகஸ் செய்யும்.

ஜூம் எத்தனை மடங்கு என்பதையும் மறந்துவிடலாம். தண்ணீருக்குள் தூரத்திலிருந்து இழுத்து எடுத்தால் நடுவில் இருக்கும் தண்ணீரும் தூசியும்தான் படத்தில் வரும். சில மீட்டர் இறங்கினாலே சிவப்பு மங்கி எல்லாம் நீலப்பச்சையாகிவிடும். ஆகவே நெருங்கிப் போகவேண்டும், லென்ஸும் வெளிச்சத்தை நன்றாக வாங்கவேண்டும். டிஜி-7-இல் அகலக் கோணத்தில் எஃப்2.0, ஜூம் முழுக்க இழுத்தால் எஃப்4.9 ஆகிவிடுகிறது; இந்த எண் குறைந்தால்தான் வெளிச்சம் அதிகம். தண்ணீருக்கென்று தனி ஒயிட் பேலன்ஸ், அதாவது நிறத்தைச் சமன்செய்யும் அமைப்பு, இருக்கிறது. கேமரா மெருகேற்றாத ரா கோப்பும் தருகிறது, நிறத்தை வீட்டில் வந்து சரிசெய்துகொள்ளலாம். 12 மெகாபிக்சல்தானா என்று முகம் சுளித்தான் பையன். இத்தனூண்டு சென்சாருக்கு அதுவே போதும்.

பிப்ரவரி 1, சனி

மவுண்ட் ரோடு கடையில் டிஜி-7-இன் முந்தைய மாடல் ஒன்று பழையதாகக் கிடைத்தது. விலையும் குறைவு. வேண்டாம் என்று வந்துவிட்டேன். மூடியில் தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம் எத்தனை வருடம் உப்பில் ஊறியது, எத்தனை தடவை கீழே விழுந்தது என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. மற்ற கேமராவைப் பழையதாக வாங்குவேன், இதை மாட்டேன். சிங்கப்பூரிலிருந்து வரும் சித்தி மகனிடம் புதிதாக ஒரு டிஜி-7 சொல்லியாயிற்று.

பிப்ரவரி 16, ஞாயிறு

வெள்ளோட்டம் பிச்சாவரத்தில். துடுப்புப் படகுதான் எடுத்தோம். மோட்டார் சத்தத்துக்கு நண்டு ஒளிந்துகொள்ளும். படகோட்டி அண்ணன் சுரபுன்னை வேர்களை ஒட்டி நிறுத்தித் தந்தார். வேரில் ஒட்டிய சிப்பிகள் பளிச்சென்று வந்தன. தண்ணீருக்குள் விட்டு எடுத்தவை ஒரே கலங்கல். சேற்றுத் தண்ணீருக்கு எந்தக் கேமராவும் மருந்தில்லை. 249 கிராம்தான், ஆனால் கை நழுவினால் நேரே அடிக்குப் போய்விடும். மிதக்கும் பட்டை கட்டாயம்.

அறைக்கு வந்ததும் பேட்டரி மூடியைத் திறக்காமலே வாளி நல்ல தண்ணீரில் ஊறப்போட்டேன். துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகுதான் சார்ஜ். அதற்கும் மூடியைத் திறந்தாகவேண்டும். வளையத்தில் ஒரு முடி, ஒரு மணல் சிக்கினாலும் தண்ணீர் புகுந்துவிடும். படகிலேயே திறந்து பேட்டரி மாற்றினால் ஈரக்காற்று உள்ளே மாட்டிக்கொண்டு, தண்ணீரில் குளிர்ந்ததும் லென்ஸ் கண்ணாடியில் ஆவி படியும். அந்தமானில் காற்று உலர்ந்திருக்கும் ஏசி அறையில் காலையில் ஒருமுறை மூடுவது, இரவுவரை தொடுவதில்லை. அதற்காகப் பெரிய மெமரி கார்டாக ஒன்று வாங்கவேண்டும்.