ஹென்ரியட்டா தெரு, கதவு எண் 14

டெரஸ் என்றால் நமக்கு மொட்டை மாடிதான். "நாளைக்கு ஜார்ஜியன் டெரஸ் பார்க்கப் போகலாம்" என்று அயர்லாந்துத் தலைநகர் டப்ளினில் இருக்கும் நண்பர் சொன்னதும், உயரத்தில் நின்று ஊரைப் படம் பிடிக்கலாம் என்று பெரிய லென்ஸைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அங்கே போன பிறகுதான் தெரிந்தது, அந்த ஊரில் டெரஸ் என்றால் பக்கச்சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு ஒட்டி ஒட்டி நிற்கும் வீட்டு வரிசை. 1714 முதல் 1830 வரை பிரிட்டனையும் அயர்லாந்தையும் அடுத்தடுத்து நான்கு ஜார்ஜ் மன்னர்கள் ஆண்டார்கள். அந்தக் காலத்துக் கட்டடம் என்பதால் ஜார்ஜியன்.

ஹென்ரியட்டா தெரு லிஃபி ஆற்றுக்கு வடக்கே இருக்கிறது. குட்டைத் தெரு. கல் பாவிய தரை, மழையில் நன்றாகவே வழுக்குகிறது. ஒரு கோடியை கிங்ஸ் இன்ஸ் என்ற சட்டக் கல்விக் கூடம் அடைத்துக்கொண்டு நிற்கிறது. இரு பக்கமும் நெடுநெடுவென்று செங்கல் வீடுகள். வெளியே அலங்காரம் என்று பெரிதாக எதுவும் இல்லை.

லூக் கார்டினர் என்ற வங்கியாளர் 1720களில் இந்தத் தெருவைப் போட்டார். இன்றைய ஓ'கானல் தெருவை அகலப்படுத்தியதும் அவர்தான். 13, 14, 15 எண் வீடுகள் மூன்றும் 1740களின் இறுதியில் ஒன்றாக எழுந்தவை. நாங்கள் பார்க்கப் போனது 14-ஐ, இப்போது அது அருங்காட்சியகம். அதில் முதலில் குடியேறியவர் மோல்ஸ்வொர்த் பிரபு. பெரிய கூடம், அகலமான மாடிப்படி, விருந்துக்கென்றே தனி அறைகள். நாடாளுமன்றம் டப்ளினில் கூடிய காலம் அது. ஊரில் பெரிய வீடு வைத்திருப்பது கௌரவம் மட்டுமில்லை, தேவையும்கூட.

1801-ல் அயர்லாந்து பிரிட்டனோடு இணைக்கப்பட, நாடாளுமன்றம் லண்டனுக்குப் போனது. பிரபுக்களும் பின்னாலேயே போனார்கள். தெருவுக்கு வக்கீல்கள் வந்தார்கள். 1840களில் அயர்லாந்தை உலுக்கிய பெரும் பஞ்சத்துக்குப் பிறகு, கடனில் மூழ்கிய ஜமீன்களை விற்றுத் தீர்க்கும் நீதிமன்றம் ஒன்று இந்த 14-ஆம் எண் வீட்டிலேயே நடந்திருக்கிறது. ஒரு பிரபுவின் வீட்டில் உட்கார்ந்து மற்ற பிரபுக்களின் நிலத்தை விற்றிருக்கிறார்கள்! அப்புறம் கொஞ்ச காலம் ராணுவத்தினர் இருந்தார்கள்.

என்னைப் பிடித்துக்கொண்ட கதை 1877-ல் ஆரம்பிக்கிறது. தாமஸ் வான்ஸ் என்பவர் வீட்டை வாங்கி, அந்தப் பிரமாண்டமான மாடிப்படியைப் பெயர்த்து எடுத்துவிட்டார். படி அடைத்திருந்த இடம் வாடகை தராது இல்லையா? வீடு 19 குடித்தனங்களாகப் பிரிந்தது. நம் ஒண்டுக்குடித்தனமேதான். 'மரியாதைப்பட்ட குடும்பங்களுக்கு வாடகைக்கு' என்று விளம்பரம். தளந்தோறும் கழிப்பறை, ஒவ்வொரு குடித்தனத்துக்கும் சமையல் அடுப்பு என்று வசதிப் பட்டியல் வேறு. 1911 கணக்கெடுப்பின்போது இந்த ஒரே வீட்டில் 17 குடும்பங்கள், 100 பேர். தொப்பி செய்பவர்கள், துணி தைப்பவர், புத்தகம் கட்டுபவர்கள், மரச்சாமானுக்குப் பாலிஷ் போடுபவர்கள். தெரு முழுக்க 800-க்கும் அதிகமானோர்.

வழிகாட்டி எங்களை மேலே நிறுத்தி, கூரையின் சுண்ணாம்பு வேலைப்பாட்டைக் காட்டினார். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குக் கீழே எத்தனை பேர் பாய் பாயாக விரித்துப் படுத்திருப்பார்கள் என்றுதான் மனசு கணக்குப் போட்டது. பிரபுக்கள் இங்கே இருந்தது ஐம்பது வருஷம்போல. ஒண்டுக்குடித்தனக்காரர்கள் இருந்தது ஏறக்குறைய நூறு வருஷம். கடைசிக் குடும்பம் 1970களின் இறுதியில்தான் வெளியேறியது. ஆனாலும் தெருவைப் பற்றிய பேச்சில் 'ஜார்ஜியன்' என்ற பெயர்தான் நிற்கிறது. எனக்கு அது சரியாகப் படவில்லை.

பின்பக்கப் படிக்கட்டுக்கு வந்தோம். சுவரில் இரண்டு நிறம். ஒன்று காவிச் சிவப்பு. இன்னொன்று, எங்கேயோ பார்த்த நீலம். 'ரெக்கிட்ஸ் ப்ளூ' என்றார் வழிகாட்டி, துணிக்குப் போடுகிற நீலமாம். மலிவான சரக்கு என்பதால் அதைச் சுவருக்கும் பூசியிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவின் வெள்ளை வேட்டியை அம்மா முக்கியெடுத்த ராபின் ப்ளூவும் அதே ரெக்கிட் கம்பெனியின் சரக்குதானே! வாளித் தண்ணீரில் துணி முடிச்சை ஆட்டியதும் புகை மாதிரி நீலம் பரவுமே, அது கண்ணுக்கு முன்னால் வந்தது.

டப்ளின் நகராட்சி வீட்டை வாங்கி, வருஷக்கணக்கில் செப்பனிட்டு, 2018-ல் அருங்காட்சியகமாகத் திறந்தது. இந்த நீலத்தையும் காவியையும் புதுச் சுண்ணாம்பு அடித்து மறைக்காமல் விட்டதற்கு அவர்களுக்கு ஒரு கும்பிடு.

அறைக்குத் திரும்பிப் படங்களை எண்ணினேன். கூரைக்கு மூன்று, அந்தச் சுவருக்கு இருபதுக்கு மேல். பெரிய லென்ஸைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. படிக்கட்டு அவ்வளவு குறுகல், சுவர் மூக்கை இடிக்கிற தூரத்தில் இருந்தது.