அம்மிணிய அனுப்பி வச்ச ஆனி மாசம்

ஜூன் 8, ஞாயிறு

முடிவு பண்ணியாச்சு. எங்க குதிரை அம்மிணி காங்கேயம் போறா, ஒரு வருஷத்துக்கு. விக்கல. இத மொதல்லயே எழுதி வச்சுக்கறேன், ஏன்னா காலைல இருந்து போன் பண்ணுன அத்தன பேரும் "என்ன வெலைக்குப் போச்சு"ன்னுதான் கேட்டாங்க. எங்க கவுந்தப்பாடி பக்கம் ஆடு மாட்ட வாரத்துக்கு விடறது சின்னக் கொழந்தைக்குக் கூட தெரியும், வளக்கறவங்களுக்குப் பாதி நமக்குப் பாதி, அதுக்கு ஒரு பேரு இருக்குது, கணக்கு இருக்குது. குதிரைய இப்படிக் குடுக்கறதுக்கு பேரே இல்ல. பங்கும் வேண்டாம் வாடகையும் வேண்டாம், நல்லாப் பாத்துக்கிட்டு திருப்பிக் குடுத்தா போதும்னு சொன்னா "அப்ப விக்கவே விக்கலாமே"ங்கறாங்க.

அப்பாவுக்கு மார்ச்ல ஸ்டென்ட் வச்சாங்க. எனக்கு கோயமுத்தூர்ல வேலை, திங்கக்கெழமை போனா வெள்ளி ராத்திரிதான் வூடு. அவளுக்கு நாளைக்கு 30, 40 லிட்டர் தண்ணி வேணும், லத்தி அள்ளணும், கொள்ளு வேக வைக்கணும், நடக்க விடணும். மூணு மாசமா கட்டுத்தரைலயே நிக்கறா, வயிறு போட்டுருச்சு. ஓடற ஜீவன கட்டியே வச்சிருக்கறது பாவம். எனக்கே தெரியுது. தெரிஞ்சும் மூணு மாசம் ஓட்டிட்டேன்.

ஜூன் 11, புதன்

தூக்கம் வரல, ரூம்ல உக்காந்து எழுதறேன்.

2018 ஆடில அந்தியூர் குருநாதசாமி கோயில் பண்டிகைக்கு அப்பாகூட போனேன், சும்மா குதிரை பாக்கத்தான். புதுப்பாளையத்துல கால் வைக்க எடமில்ல, எங்க பாத்தாலும் குதிரையும் மாடும் தூசியும். ஒரு மரத்தடில இவ நின்னா. செவலை, நெத்தில வெள்ளை, கத்தியவார் குதிரைக்கு இருக்கற மாதிரி ரெண்டு காதும் உள்ள வளைஞ்சு நுனியோட நுனி தொட்டுக்கிட்டு. பல்லப் பாத்து ரெண்டு வயசுன்னாங்க, சுழி பாத்தாங்க, அப்பறம் அப்பாவும் தரகரும் துண்டுக்கடில கை போட்டு வெரலப் புடிச்சுப் புடிச்சு வெலை பேசுனாங்க. எனக்கு வெலை தெரியல, அப்பா மொகத்தயே பாத்துட்டு நின்னேன். "வா அம்மிணி"ன்னாரு. என்னத்தான் கூப்பிடறாருன்னு நான் நகந்தேன், அவரு கயித்தப் புடிச்சு அவளக் கூட்டிட்டு நடந்தாரு. அன்னைலருந்து வூட்ல ரெண்டு அம்மிணி.

2021ல ஒரு ராத்திரி அவளுக்கு வயித்து வலி வந்துச்சு, படுக்கறா எந்திரிக்கறா, விலாவத் திரும்பித் திரும்பிப் பாக்கறா. குதிரைக்கு வாந்தி எடுக்க வராது, உள்ள அடைச்சா உசுருக்கே ஆபத்து. டாக்டர் வர்ற வரைக்கும் உருண்டு பொரளாம இருக்கட்டும்னு நானும் அப்பாவும் மாத்தி மாத்தி வாய்க்கா மேட்டுல நடத்துனோம். ஊசி போட்டு, மூக்கு வழியா டியூப் விட்டு எண்ணெய் ஏத்துனாரு. விடியக்காலம் அவ லத்தி போட்டப்ப அப்பா கண்ணத் தொடச்சுக்கிட்டாரு. லத்திக்கு அழுத மனுசன் அவரு. அவருகிட்ட "அனுப்பிடலாம்ப்பா"ன்னு சொல்ல எனக்கு மூணு மாசம் ஆனதுல என்ன ஆச்சரியம்.

ஜூன் 14, சனி

காங்கேயம் போயி எடத்தப் பாத்துட்டு வந்தேன். மேய்ச்சலுக்குன்னே விட்ட கொரங்காடு, சுத்தியும் கிளுவை வேலி, உள்ள வெள்வேல மரம், கொழுக்கட்டைப் புல்லு. முள்ளுக்கம்பி இல்ல, அதுவே எனக்கு பாதி நிம்மதி, கம்பில காலக் கிழிச்சுக்கிட்ட குதிரைங்கள பாத்துருக்கேன். அவளப் பாத்துக்கப் போற அண்ணன் ஏற்கனவே ஒரு குதிரை வச்சிருக்காரு, தொணை இருக்கும், குதிரை ஒத்தைல இருக்கற ஜாதி இல்ல. அவரு பொண்ணு, 13 வயசு பாப்பா, நான் சொல்லச் சொல்ல நோட்டுல எழுதிக்கிட்டா. ஆறு வாரத்துக்கு ஒருக்கா கொளம்பு பாக்கணும், வருஷத்துக்கு ஒரு தடவ டெட்டனஸ் ஊசி, தீனிய ஒரேயடியா மாத்தக் கூடாது, பழைய தீனிய ஒரு வாரம் பத்து நாளைக்கு கலந்து கலந்து குறைக்கணும். எல்லாத்தயும் எழுதிட்டு "அவளுக்கு என்ன புடிக்கும்க்கா"ன்னு கேட்டா. வெல்லம்னேன். எங்க ஊரே வெல்லச் சந்தைக்குப் பேர் போன ஊரு.

ஒண்ணுதான் எனக்கு ஒப்பல. தண்ணித்தொட்டி நல்ல வெயில்ல கெடக்குது, மத்தியானம் கை வச்சா சுடுது. சொன்னேன். மாத்திடலாம்மான்னாரு அண்ணன்.

ஜூன் 17, செவ்வாய்

பத்திரம் டைப் பண்ணியாச்சு. "பழகுனவங்ககிட்ட போயி பத்திரமா கண்ணு"ன்னு அப்பா ரொம்ப சங்கடப்பட்டாரு. பழகுனவங்கங்கறதாலதான்ப்பா, நாளைக்கு ஒரு பேச்சு வந்து பழக்கம் கெட்டுறக்கூடாதுன்னேன். விக்கக்கூடாது, வேற கைக்கு மாத்தக்கூடாது, ரேஸுக்கு விடக்கூடாது, கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு அனுப்பக்கூடாது, கேக்காம சினைக்கு விடக்கூடாது. சினைன்னா பதினோரு மாசம், அந்த முடிவு எங்க கையில இருக்கணும். தீனிச் செலவு அவங்களது, பெரிய வைத்தியம்னா எங்களது. யாருக்கு முடியலைன்னாலும் ஒரு மாசம் முன்னாடி சொல்லணும். அண்ணன் ஒரு வார்த்தை மறுக்கல. அவரு அத்தன சுளுவா ஒத்துக்கிட்டதும் எனக்கு கோவம் வந்துச்சு, ஏன்னு தெரியல, அவரு எதுக்காவது முடியாதுன்னு சொல்லியிருந்தா இத நிறுத்தியிருக்கலாம்னு நெனச்சேனோ என்னமோ.

ஜூன் 21, சனி

அஞ்சு மணிக்கே பிக்கப் வந்துருச்சு, வெயிலுக்கு முன்ன போகணும்னு. வண்டிக்குள்ள மணல் போட்டு மேல வைக்கோல் பரப்பி, பின்பக்கத்த மண்மேட்டோட ஒட்டி நிறுத்துனாங்க. ஏற மாட்டேன்னுட்டா. டிரைவர் பின்னால குச்சியோட வந்தாரு, வேண்டாம்னேன். நான் மொதல்ல ஏறி உள்ள நின்னேன், கையில வெல்லம். என்ன நம்பி ஏறிட்டா. அதுதான் இப்ப வரைக்கும் நெஞ்ச அறுக்குது, பயந்து ஏறல, இழுத்து ஏறல, நான் உள்ள இருக்கேன்னு ஏறுனா.

பெருந்துறை, சென்னிமலைன்னு வழி பூரா பின்னாலயே நின்னுட்டுப் போனேன். எறக்குனதும் தலையத் தூக்கி ஒரு கனைப்பு, அங்க இருந்த குதிரை பதிலுக்கு கனைச்சுச்சு. வேலியோரமா ஒரு சுத்து ஓடுனா. மூணு மாசத்துக்கு அப்பறம் அவ ஓடறதப் பாத்தேன். கெளம்பறப்ப அவகிட்ட சொல்லிட்டுப் போலாமா வேண்டாமான்னு கொஞ்ச நேரம் நின்னேன், அவ புல்லுல தல வச்சிருந்தா, சொல்லாமயே வந்துட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

அடுப்படில கிண்ணத்துல கொள்ளு ஊறிக்கிட்டு இருக்குது. அப்பா ராத்திரி பழக்கத்துல ஊறப் போட்டுட்டாரு. அம்மா ஒண்ணும் பேசாம அத எடுத்து மத்தியானம் கொள்ளுப் பருப்பு கடைஞ்சாங்க. மூணு பேரும் சாப்ட்டோம். கட்டுத்தரைப் பக்கம் யாரும் போகல.

ஜூன் 29, ஞாயிறு

பாப்பா டெய்லி வீடியோ அனுப்பறா. இன்னைக்கு வந்ததுல அம்மிணி அவ தோள்ல மோவாய வச்சுக்கிட்டு கண்ண மூடி நிக்கறா. எங்கிட்ட அப்படி நிக்க எட்டு மாசம் புடிச்சுது. நல்ல விஷயம்தான, நல்லா இருக்கணும்னுதான அனுப்புனோம், ஆனா மொதல்ல எனக்கு வந்தது சந்தோஷம் இல்ல. வயிறு எரிஞ்சுது. மத்தியானத்துக்கு மேலதான் "சூப்பர் பாப்பா"ன்னு பதில் போட்டேன். அப்பாகிட்ட காட்டுனேன், கண்ணாடி இல்லைன்னு சொல்லிட்டாரு. கண்ணாடி சட்டைப் பாக்கெட்லதான் இருந்துச்சு.

ஜூலை 13, ஞாயிறு

மொத தடவ போய்ப் பாத்துட்டு வந்தேன். அப்பா வரல, நீ போய்ட்டு வா கண்ணுன்னுட்டாரு.

வயிறு வத்தியிருக்குது, தோலு மினுமினுங்குது, கொளம்பு சுத்தமா இருக்குது. என்னப் பாத்ததும் நடந்து வந்தா, அவசரம் இல்லாம, பையில மூக்க விட்டு வெல்லத்தத் தேடுனா. கழுத்துல மொகத்த வச்சு கொஞ்ச நேரம் நின்னேன். வாசம் மாறியிருக்குது, எங்க தோட்டத்து வாசம் இல்ல, காஞ்ச புல்லு வாசம். அப்பாவுக்கு போன் போட்டு ஸ்பீக்கர்ல வச்சேன். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்ல. அப்பறம் "அம்மிணி"ன்னாரு. ரெண்டு காதும் சட்டுனு திரும்பிருச்சு. போன மோந்து பாத்தா, எனக்குப் பின்னால பாத்தா, நான் வந்த கார் பக்கம் தலையத் தூக்கிப் பாத்துக்கிட்டே நின்னா. நான் போன ஆஃப் பண்ணிட்டேன். இன்னொரு வாட்டி அப்படிப் பண்ண மாட்டேன்.

சாயந்தரம் வூடு வந்தப்ப அப்பா திண்ணைல உக்காந்திருந்தாரு. அவ எப்புடி இருக்கான்னு கேக்கல. எளைச்சாளா பெருத்தாளான்னும் கேக்கல.

"தண்ணித்தொட்டிய மாத்துனாங்களா?"

"மாத்திட்டாங்கப்பா. வேப்பமரத்துக்கு அடில இருக்குது, நாள் பூரா நெழல்."

"செரி"ன்னாரு. செருப்ப மாட்டிக்கிட்டு கட்டுத்தரைக்குப் போயி வெளக்குமாறு எடுத்துக் கூட்ட ஆரம்பிச்சாரு.