எந்தக் கம்பிக்கு எந்தக் குழாய்?

பினாங்கின் ஜார்ஜ்டவுன் கடைவீடுகளில் பழைய வயரிங்கை மாற்றப் போகும்போது, வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "தம்பி, இதைவிடச் சின்னக் குழாய் இல்லையா? சுவரில் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறதே!" என்று சென்ற மாதம் ஓர் அம்மா கேட்டார். கேள்வியில் தவறில்லை. ஆனால் குழாயின் அளவைத் தீர்மானிப்பது பார்வைக்கு அழகா என்பதன்று. உள்ளே போகும் கம்பிகள் எவ்வளவு சூடேறும், நாளை அவற்றை உருவி எடுக்க முடியுமா என்ற இரண்டும்தான்.

சூட்டைக் கணக்காகவே பார்ப்போம். பிளக் பாயிண்டுகளுக்கு நாம் வழக்கமாக இழுக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் பிவிசி ஒற்றைக் கம்பிகள், சுவர்மேல் பொருத்திய குழாய்க்குள் ஒரே சுற்றாக (சர்க்யூட்டாக) ஓடினால், கம்பிகளின் தாங்குதிறன் அட்டவணைப்படி 24 ஆம்பியர் தாங்கும். அந்த எண் 30 டிகிரி செல்சியஸ் சூழலுக்கு உரியது. ஓட்டுக்கூரைக்கும் சீலிங்குக்கும் இடையே நண்பகலில் இருக்கும் புழுக்கத்தை 40 டிகிரி என்று வைத்தால் 0.87 ஆல் பெருக்க வேண்டும். அதே குழாயில் மூன்று சுற்றுகள் முழுச் சுமையோடு ஓடினால் மேலும் 0.70 ஆல் பெருக்க வேண்டும். மிஞ்சுவது ஏறத்தாழ 14.6 ஆம்பியர். மெயின் பெட்டியில் இருப்பதோ 20 ஆம்பியர் எம்சிபி, அதாவது மின்னோட்டம் மிஞ்சினால் தானே துண்டிக்கும் சுவிட்ச். அது விழாது, கம்பியின் உறைதான் ஆண்டுக்கணக்கில் வெந்து, கடைசியில் விரல் பட்டாலே உதிரும். ஆகவே ஏர்கோனுக்கும் வாட்டர் ஹீட்டருக்கும் தனித்தனிக் குழாய் போடுவதைச் செலவு என்று நான் கருதுவதில்லை.

அடுத்தது இடம். 20 மில்லிமீட்டர் குழாயின் உள்விட்டம் 16 அல்லது 17 மில்லிமீட்டர்தான் இருக்கும். 2.5 கம்பி ஒன்று உறையோடு ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் தடிமன். திணித்தால் பத்துக்கு மேலும் நுழையும். குழாயின் பரப்பில் 40 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற கணக்கில் ஆறு அல்லது ஏழோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இரண்டு இணைப்புப் பெட்டிகளுக்கு இடையே செங்கோண வளைவு இரண்டுக்கு மேல் வந்தால், கம்பியை இழுக்கும்போதே உறை உரசிச் சிராய்ந்துவிடும்.

கேசிங் என்று நாம் சொல்லும் டிரங்கிங்கில், அதாவது மூடி போட்ட சதுரக் குழாயில், 45 விழுக்காடு வரை நிரப்பலாம். மூடியைக் கழற்றி எப்போது வேண்டுமானாலும் கம்பி சேர்க்கலாம் என்பதால், அடிக்கடி மாற்றம் செய்யும் கடைகளுக்கு அதுவே ஏற்றது. வெளியுறையோடு வரும் தட்டையான கேபிளையும் உருண்டைக் குழாயில் மல்லுக்கட்டி இழுக்காமல் இதில் கிடத்திவிடலாம். இணையக் கேபிளை மட்டும் மின்கம்பியோடு டிரங்கிங்கின் ஒரே பகுதிக்குள் போடாதீர்கள். நடுவே தடுப்பு உள்ள டிரங்கிங் கடைகளில் கிடைக்கிறது. அந்தக் கேபிளுக்குச் சூடு பெரிய பொருட்டில்லை, மூலையில் மடித்து நசுக்குவதுதான் ஆகாது.

2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஜார்ஜ்டவுன் பகுதியில் வேறு ஒரு சங்கடமும் உண்டு. சுண்ணாம்புப் பூச்சுச் சுவரில் உளி வைத்தால், வேண்டிய பள்ளத்தோடு நிற்காமல் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். அங்கே சுவர்மேல் குழாய் ஓட்டுவதே மரியாதை. ஐந்தடி நடைபாதையில் சைக்கிளும் தள்ளுவண்டியும் இடிக்கும் உயரத்துக்கு இரும்புக் குழாய் வேண்டும். ஆனால் கடற்காற்றில் அது துருப்பிடிக்கும் என்பதால் வர்ணத்தைக் கவனிக்க வேண்டும், எர்த் இணைப்பும் கட்டாயம். ஒரு சுற்றின் லைவ், நியூட்ரல் இரண்டும் அதே இரும்புக் குழாய்க்குள் போக வேண்டும். பிரித்து ஓட்டினால் குழாயே சூடாகும். வெயில் நேரே படும் இடத்தில் சாதாரண பிவிசி குழாய் நாளடைவில் நொறுங்கும்.

தீ எச்சரிக்கைக் கேபிளைப் பிளாஸ்டிக் கேசிங்கில் மட்டும் தொங்கவிடுவது வீண். கேபிள் நெருப்பைத் தாங்கும், கேசிங் உருகிக் கேபிளைக் கீழே போட்டுவிடும். உலோகக் கிளிப் வேண்டும். இரும்புக் கவசக் கேபிளுக்குப் பெரும்பாலும் குழாயே தேவையில்லை.

இப்போது அதிகம் கேட்கப்படுவது மின்கார் சார்ஜர். 7 கிலோவாட் சார்ஜர் 32 ஆம்பியரைச் சில நிமிடங்களுக்கு அல்ல, மணிக்கணக்கில் இழுக்கும். தனிக் குழாயில் 6 சதுர மில்லிமீட்டர் கம்பி 41 ஆம்பியர். 40 டிகிரியில் அது 35 சொச்சமாகக் குறையும், அப்போதும் போதும். அதே குழாயில் இன்னொரு சுற்றைச் சேர்த்தால் 28 ஆகிவிடும், போதாது. வீட்டுக்குள் நீண்ட தூரம் போவதானால் நான் 10 சதுர மில்லிமீட்டர் கம்பியும் 25 மில்லிமீட்டர் குழாயும்தான் சொல்வேன்.