நாலாம் வருடத்துக்கு ஒரு மேசை

ஜப்பானில் கலாநிதிப் பட்டம் முடித்து மட்டக்களப்புக்குத் திரும்பியதும், சக விரிவுரையாளர்கள் அங்குள்ள ஆய்வுகூடக் கருவிகளைப் பற்றியே விசாரித்தார்கள். நான் பொறாமைப்பட்டது அந்நாட்டு இளமாணி மாணவர்களைப் பார்த்துத்தான்.

முதலிரண்டு வருடங்களைச் சொல்லவில்லை. இரவில் கடையில் பகுதிநேர வேலை, பகலில் விரிவுரையில் தூக்கம். அதில் கற்க ஒன்றுமில்லை. விஞ்ஞானம், விவசாயம் படிப்பவர்கள் நாலாம் வருடமளவில் ஒரு பேராசிரியரின் ஆய்வுகூடத்தில் சேருகிறார்கள். ஆளுக்கொரு மேசை கிடைக்கும். மண்ணை எப்படி அரிப்பது, கரைசலை எப்படி ஐதாக்குவது, குறிப்புப் புத்தகத்தில் எதை எழுதுவது எல்லாவற்றையும் பக்கத்து மேசை முதுமாணி மாணவர் சொல்லிக்கொடுப்பார். வாராந்தக் கூட்டத்தில் கனிஷ்டர் தடுமாறினால் பேராசிரியரின் பார்வை முதலில் போவது அந்த மூத்தவர் பக்கம்.

நம் நாட்டிலும் சீனியருக்கு அதிகாரம் குறைவில்லை. அது பகிடிவதையில் செலவாகிறது. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதைத் தடைசெய்கிறது. சரி, பகிடிவதை கூடாது. அப்படியானால் சீனியர் ஜூனியரை வைத்து என்னதான் செய்யவேண்டும்? அதற்கு நாங்கள் ஒரு வேலையும் கொடுத்து வைக்கவில்லை.

இன்னொன்று நாட்காட்டி. அங்கே கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கும். மே, ஜூனில் நாற்று நடுகை, செப்டெம்பர், ஒக்டோபரில் அறுவடை, பெப்ரவரியில் ஆய்வுரை, மார்ச்சில் பட்டம். நெல்லும் மாணவனும் ஒன்றாக விளைகிறார்கள். இங்கே செமஸ்டர் தள்ளிப்போய், பெரும்போகம் அறுத்து முடிந்தபின் ஆராய்ச்சிக் காலம் வந்தால், வயல் பரிசோதனை சட்டிப் பயிராகச் சுருங்கிவிடும்.

எடுக்கக்கூடாததும் உண்டு. அங்குள்ள தேசியப் பல்கலைக்கழகங்களுக்கு அரசு வகுத்த நியமக் கட்டணமே ஆண்டுக்கு 535,800 யென். இங்கே 1945இல் வந்த இலவசக் கல்வி இல்லையென்றால், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக் கிராமங்களின் பிள்ளைகளில் எத்தனை பேர் எங்கள் வகுப்பில் இருப்பார்கள்?

மேசைக்கு இங்கே இடமில்லை. ஆனால் கூட்டம் போடக் காசு வேண்டாமே. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் இறுதி வருடத்தினர் தங்கள் தரவுகளைக் காட்ட, மூன்றாம் வருடத்தினர் கேள்வி கேட்பதென்று ஏற்பாடு செய்தேன். முதல் கிழமைகளில் எல்லோரும் பஸ் நேரத்தைத்தான் பார்த்தார்கள். பிறகு ஒருநாள், உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரில் விளையும் வயல்களின் நைதரசன் அளவுகளை ஒரு மாணவி காட்டியபோது, விவசாயி மகள் ஒருத்தி எழும்பினாள்: "அக்கா, இதில வாய்க்கால் கடைசி வயல் எது? அங்க தண்ணி பிந்தித்தானே வரும், உரம் எப்ப போட்டவங்க?"

அக்காவின் குறிப்புப் புத்தகத்தில் அது இல்லை. அடுத்த கிழமை இருவருமாகப் போய் விவசாயிகளிடம் கேட்டு எழுதி வந்தார்கள்.

இந்தக் கூட்டத்தை நேரசூசியில் சேர்த்து ஒரு கிரெடிட் கொடுக்கலாமே என்று கேட்டிருக்கிறேன். யார் புள்ளி போடுவது என்ற இடத்தில் விஷயம் நிற்கிறது.